எதிலிருந்து எதுவரை

பெட்டியின் மேல் முப்பத்தாறு.
உத்தரவாதச் சீட்டில் முப்பத்தெட்டு.
கிராஸ்கட் ரோட்டுக் கடைக்காரர்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"நாப்பதுன்னு வெச்சுக்குங்க,
எல்லாம் ஒண்ணுதானுங்."

ஒன்றா?
நான் திருப்பூரில்
பதினேழு வருடமாகப் பனியன் அளப்பவள்.
அக்குளுக்கு ஓரங்குலம் கீழே டேப் வைத்து
அரை சென்டி கூடினால் சிவப்பு ஸ்டிக்கர்,
அரை சென்டி குறைந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர்.
எல்லாம் ஒண்ணு என்பதை
என்னிடம் அவ்வளவு சுலபமாக விற்க முடியாது.

தீபாவளி போனஸ் முழுவதும்
மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது,
அளவு தெரியாமல்.

ஞாயிற்றுக்கிழமை கணபதிக்கு பஸ் ஏறினேன்.
கொழுந்தனார் சென்னியப்பன் லேத் போட்டிருக்கிறார்,
பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறவர்.
அவருக்கு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று.
எனக்கு நூல் என்றால்
முப்பதாம் நம்பர், கிலோ என்ன விலை.
கல்யாண வீடுகளில் இதைச் சொல்லியே
இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம்.

மண்ணெண்ணெயில் கை கழுவி
வெர்னியரை உறையிலிருந்து உருவினார்.
கீறல் விழுமே என்று
கைக்குட்டையை நடுவில் கொடுத்தேன்.
"துணியையும் சேத்தி அளக்கோணுங்களா, நங்கையா?"

சாவியோடு சேர்த்துக் குறுக்கே: முப்பத்தொன்பது புள்ளி நாலு.
சாவியைக் காக்கும் அந்தச் சின்னத் தோள் வரை: முப்பத்தெட்டு.
சாய்த்து, பத்துக்கும் நாலுக்கும் நடுவே: முப்பத்தாறு.
பட்டை கோக்கும் காதிலிருந்து காது வரை
நாற்பத்து நாலு.
கண்ணாடி மட்டும் என்றால்
முப்பத்தொன்று; அதை எவரும் சொல்லவே இல்லை.

"ஒருத்தரும் பொய் சொல்லலீங்" என்றார்.
"எதுலிருந்து எதுவரைக்கும்னுதான்
எழுதாம உட்டுப்போட்டாங்க."

டீ வந்தது. குடித்தேன்.
அவினாசி தாண்டும்போது
சஸ்மிதா ஞாபகம் வந்தாள்.

போன ஆடியில், நாலாம் லைன்,
அவள் ஐம்பத்திரண்டு என்று பாஸ் போட்டதை
நான் நிறுத்தி அளந்தேன். ஐம்பத்து மூன்று.
மறுபடி அளந்தேன். ஐம்பத்து மூன்று.
ஒடியாவில் என்னவோ சொன்னாள்,
பிறகு தெரிந்த தமிழில்
"அக்கா, டேப் முனை இல்ல."
டேப் இல்லையா, இந்தா என்று
என் டேப்பையே நீட்டினேன்.
மூன்று நாள் கூலி பிடித்தார்கள்.

நாலாயிரத்து இருநூறு பீஸ்.
இரண்டு ராத்திரி பிரித்துத் தைத்தோம்.
கப்பலேறிப் போய்ச் சேர்ந்தபின்
அங்கிருந்து எழுதினார்கள்: மார்பளவு ஒரு சென்டி குறைவு.
துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று
பதில் போட்டதும் நான்தான்.

வீடு வந்ததும்
கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துப் பார்த்தேன்.
முனையின் பித்தளைத் தகடு எப்போது விழுந்ததோ,
ஒன்று என்கிற எண்ணில்
பாதிதான் மிச்சம் இருந்தது.
அந்தப் பெண்
பத்தில் வைத்துத் தொடங்கி
பத்தைக் கழித்திருக்கிறாள்.
அவள் விரல் எங்கே இருந்தது என்று
நான் பார்க்கவே இல்லை;
அது நின்ற இடத்தைத்தான் பார்த்தேன்.

பெருமாநல்லூர்ப் பக்கம்
வேறு கம்பெனியில் இருக்கிறாளாம்.
எது என்று லைனில் யாருக்கும் தெரியவில்லை.
ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே
சிவப்பு மையில் என் கையெழுத்து
கொஞ்சமும் வெளுக்காமல் இருக்கிறது.

"புது வாட்ச்சா அக்கா, என்ன சைஸ்?"
கட்டிங் மேஜைப் பையன் கேட்கிறான்.
எங்கிருந்து எங்கே என்று கேட்டேன்.
விழித்துவிட்டுப் போனான்.

புது டேப் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
வரும் வரைக்கும் பத்தில் வைத்துத் தொடங்குகிறேன்,
கழிக்கும்போது உதடு அசைகிறது.

வாட்ச் தினமும் இரண்டு நிமிஷம் முந்துகிறது.
அதை நான் இன்னும்
யாரிடமும் காட்டவில்லை.