கேள்வி நாற்பத்திரண்டு

குத்தாலத்தில் இறங்கினேன்,
கையில் பதினொரு பக்கப் படிவம்.
வாய்க்காலில் தண்ணீர் வந்து மூன்றாம் நாள்;
நுரையோடு ஒற்றைச் செருப்பு ஒன்று
கடைமடை பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

இல்லத்தின் திரைச்சீலைகள் புதியவை,
கடையில் மடித்த மடிப்பு இன்னும் போகவில்லை.
மாத்திரைகளை எண்ணினேன். சரி.
அரிசி மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தேன். சரி.
கழிவறை இரண்டு, ஒன்றில் வாளி இல்லை.
நான் எழுதுமுன் பொறுப்பாளர் செபஸ்தியம்மாள்
வாளிக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

"இன்னைக்கு முட்டை போட்டாங்க.
வியாழக்கெழமையும் வாங்க சார்"
என்றார் அமிர்தகடேசன், சிரிக்காமல்.
அதையும் எழுதிக்கொண்டேன்.

கேள்வி நாற்பத்திரண்டு:
அறையின் தாழ்ப்பாள் உள்ளேயா, வெளியேயா?

நான்காம் அறைத் தையல்நாயகி
பதில் சொல்லவில்லை.
என்னை வெளியே நிற்கவைத்துக்
கதவைச் சாத்தினார்.
உள்ளே இரும்பு நகர்ந்து விழுந்தது.

வெளிப்பக்கத்தில்
கொண்டியைக் கழற்றிய நான்கு துளைகள்.
மேலே அடித்த பச்சைப் பெயிண்ட்
துளைக்குள் இறங்கவில்லை.
விரல் வைத்துப் பார்த்தேன்.

ஐந்து நிமிடம். பத்து.
நாலேகால் பஸ் ஹாரன் அடித்துப் போனது.
செபஸ்தியம்மாள் தட்டக் கை ஓங்கினார்;
வேண்டாம் என்றேன்.
தரையில் உட்கார்ந்து
மீதிப் பக்கங்களை நிரப்பினேன்.

"இப்பத் தட்டுங்க"
என்றது உள்ளிருந்து குரல்.

தட்டினேன்.

"யாரு?"

மாவட்டத்தைச் சொன்னேன், துறையைச் சொன்னேன்.
சத்தமே இல்லை.
பேரைச் சொன்னேன்.

"இருங்க, வரேன்."