ஐந்தாவது சங்கிலி

என் வேலை எளிது:
பின்னால் பெரிதாக ஒன்று வருகிறது என்று
எதிரே வருகிற உலகத்துக்குச் சொல்ல வேண்டும்.
கூரையில் மஞ்சள் விளக்கு, முகப்பில் பலகை.
படகோனியாவில் பெரும்பாலும்
காற்றுதான் எதிரே வரும். அதற்கும் சொல்வேன்.

காலையில் யார்டில் எவரிஸ்தோ அகழ்பொறியை ஏற்றினான்.
சரிவுப் பலகைமேல் முப்பத்தெட்டு டன்
அங்குலம் அங்குலமாய் ஏறி, உச்சியில்
ஒரு கணம் எந்தப் பக்கமும் சேராமல் நின்று
பிறகு தொப்பென்று ட்ரெய்லர்மேல் கவிழ்ந்தது.
அந்த ஒரு கணத்துக்காகத்தான்
பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது என்பது.

மூலைக்கொன்றாய் நான்கு சங்கிலி.
மடக்கிப் படுக்கவைத்த தோண்டும் கைக்கு ஐந்தாவது.
பல்லிடுக்கில் பழைய ஊர் மண்;
கம்பியால் தட்டினான், எல்லாம் விழவில்லை.
உயரம் நான் அளந்தபோது நாலு மீட்டர் இருபத்திரண்டு,
அவன் அளந்தபோது பதினெட்டு.
பெரியதையே எழுதினோம்.
பாலம் பேரம் பேசாது.

முதல் ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்து,
இறங்கு, ஒவ்வொரு சங்கிலியையும் தொட்டுப் பார்.
இந்த விதியை எழுதியவன்
எதையோ பார்த்துவிட்டு எழுதியிருக்கிறான்.

ஐம்பதில் காற்று கதவைத் திறக்க விடவில்லை.
"அறுபதில் பார்ப்போம், மிர்தா" என்றது ரேடியோ.
அறுபதில் குவானாக்கோ மந்தை.
எழுபதில் ஏற்றம்; நிறுத்தினால் மறுபடி கிளம்பாது.

வளைவில் மட்டும்தான்
அவன் முழு நீளமும் என் கண்ணாடியில் தெரியும்.
வெயில் சாய்ந்திருந்தது.
சரளையில் ட்ரெய்லரின் நிழல் திரும்பியது,
அதன்மேல் கையின் நிழல்
கொஞ்சம்
தாமதமாகத் திரும்பியது.

சாலைக்குக் குறுக்கே காரை நிறுத்தினேன்.

வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்த என் முன்னோரை
ஒருவர் விடாமல் ஏசிக்கொண்டு இறங்கினான்.
ட்ரெய்லரின் பின்பக்கம் போனான்.
ஏச்சு நின்றது.

கைக்கு அடியில் கொடுத்த மரக்கட்டை பிளந்திருந்தது.
ஐந்தாவது சங்கிலியில்
மூன்று விரல் நுழைகிற தளர்வு.
நுழைத்துப் பார்த்துவிட்டு
விரல்களை எண்ணுகிறவன் போல நின்றான்.

புதுக் கட்டை வைத்தோம். நெம்புகோலில் இரண்டு பேரும் தொங்கினோம்.
யாரும் நன்றி சொல்லவில்லை.
மாத்தே ஆறிப்போயிருந்தது, குடித்தோம்.

பிறகு எதிரே முதல் வண்டி:
சின்ன வெள்ளைக் கார்,
கூரைமேல் ஒரு குழந்தை சைக்கிள்,
ஒற்றைக் கயிற்றில்.
பலகையைப் பார்த்து மரியாதையாய் ஒதுங்கி
எங்களுக்கு வழிவிட்டது.

விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டிக் கயிற்றைக் காட்டினேன்.
வணக்கம் என்று நினைத்து
கையசைத்துப் போனார்கள்.