ஒன்பதாம் பக்க அடிக்குறிப்பு

கருவி எங்களுடையதல்ல.
இயற்பியல் துறையில் கையெழுத்துப் போட்டு வாங்கியது.
மூடி கழன்றுவிடாமல் ஒரு ரப்பர் பேண்டு;
பென்சில் பேட்டரி இரண்டும் எங்கள் காசு.
நான்காம் வகுப்பு ஜன்னல் விளிம்பில்
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல்
ருதுஜா அதை வைத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே சுவர்.
சுவருக்கு வெளியே ஹார்பர் லைன்.
எழுபத்தெட்டு, எண்பத்தொன்று, எண்பத்தாறு டெசிபல்.
வண்டி வரும்போது இசக்கிராணியின் பென்சில் டப்பா
தானே நடந்து மேசை ஓரத்துக்கு வரும்.
அவள் பார்க்காமலே பிடித்துக்கொள்வாள்.

முன்மொழிவில் கேள்வி ஒரே வரி:
மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில்
ஒரு நாளைக்கு எத்தனை நிமிடப் பாடம்
ரயிலுக்குப் போகிறது?
ஃபட்னிஸ் மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"பி.எஸ்ஸி. மூன்றாமாண்டுக்கு இது போதும்.
உலகத்தைத் திருத்த வேண்டாம்,
எண்ணிக்கொண்டு வாருங்கள்."

எண்ணினோம்.
"தாவரங்கள் தமக்கு வேண்டிய" என்று
ஜெயசெல்வின் சார் நிறுத்துவார்.
சாக்பீஸ் காற்றில் நிற்கும்.
நாற்பத்தொரு பிள்ளைகள் அவர் வாயையே பார்ப்பார்கள்.
வண்டி போகும்.
"உணவைத் தாமே தயாரிக்கின்றன" என்பார்,
நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல்.
நான் ஒரு கோடு போடுவேன்.
நான்கு கோடு சேர்ந்தால் குறுக்கே ஒன்று.

பதினோரு நாள்.
நாளுக்குத் தொண்ணூறு நிறுத்தம்,
நிறுத்தத்துக்கு இருபத்தைந்து நொடி,
ஆக முப்பத்தேழரை நிமிடம்.
தாராவியில் எங்கள் வீடும் தண்டவாளத்தை ஒட்டித்தான்.
அப்பா சிரித்தார்:
"ரயில் சத்தம் போடுதுன்னு கண்டுபிடிக்க
மூணு வருசப் படிப்பா?"

பன்னிரண்டாம் நாள் மழை.
கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர்,
குர்லாவில் தண்டவாளத்தையே காணோம் என்றார்கள்.
பத்தரைக்குப் பிறகு ஒரு வண்டியும் இல்லை.
வந்திருந்தது பத்தொன்பது பேர்;
ஜன்னல் கம்பியில் ஈர சாக்ஸ் வரிசையாக.
கருவி ஐம்பத்துநான்கு காட்டியது,
அதுவும் மழை.

"கடல் நீர் ஆவியாகி" என்றார் சார்.
நிறுத்தினார்.

சாக்பீஸ் காற்றில்.
பத்தொன்பது முகமும் அவர் வாயில்.
இசக்கிராணியின் கை மேசை ஓரத்துக்குப் போய்
வராத டப்பாவுக்குக் காத்திருந்தது.
ருதுஜாவுக்குத் தமிழ் தெரியாது,
அதனால் அந்த மௌனம்
அவளுக்குத்தான் முதலில் கேட்டது.
என் முழங்கையை இடித்தாள்.
"மேலே போகிறது" என்று முடித்தார் சார்.

கோடு போடுவதா?
எங்கள் அட்டவணையில் இரண்டே கட்டம்:
ரயில். பிற.
பிற என்பதற்கு நாங்கள் நினைத்திருந்தது
இருமல், மணி, தலைமையாசிரியர்.

"ரயிலே ஓடாத நாளை எப்படிச் சேர்ப்பது?
விலகிய புள்ளி. எடுத்துவிடுங்கள்" என்றார் மேடம்.
அவர் சொன்னது சரி; வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்.
எடுத்தோம்.
முப்பத்தேழரை மறுபடி சுத்தமாக நின்றது.
கருத்தரங்கில் ஒரு நடுவர் கேட்டார்,
"ஒரே ஒரு வகுப்பறையா?"
"ஆமாம் சார், ஒரே ஒரு வகுப்பறை."
மூன்றாம் பரிசு. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில்.

ஒன்பதாம் பக்கத்தில், எட்டுப் புள்ளி எழுத்தில்,
மேடம் அடிக்காமல் விட்ட மூன்று வரி இருக்கிறது:
பன்னிரண்டாம் நாள் பத்தரைக்குப் பின் ரயில் இல்லை.
ஆசிரியர் ஐம்பத்தொரு முறை நிறுத்தினார்.
காரணம் ஆராயப்படவில்லை.

கருவியைத் திருப்பிக் கொடுத்துக்
கையெழுத்தை அடித்துவிட்டு வந்தேன்.
பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டேன்.
இப்போது அவை எங்கள் டி.வி. ரிமோட்டில்.
வண்டி வரும்போது அப்பா சத்தத்தைக் கூட்டுகிறார்.
வண்டி போய்விடுகிறது.
சத்தம் அப்படியே இருக்கிறது.