அரை நாள் வாடகை

சுங்கச்சாவடிக்கு முன்னால் கியர் விழாமல் நின்ற காரை
சனாவுல்லா பட்டறைக்கு இழுத்துப் போன பிறகு
எனக்குப் போன் வந்தது.
மலேசியா பார்ட்டி. நாலு மணி நேரம்.
ஊரைச் சுற்றிக் காட்டு.

கிருஷ்ணகிரியையா?
இங்கே இறங்குகிறவர்கள் டீ குடிக்க இறங்குவார்கள்,
ஒன்றுக்குப் போக, பஞ்சர் ஒட்ட.
பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில்
வாய் பிளந்து தூங்கியபடி கடக்கிற ஊர்.

ஏறி உட்கார்ந்ததும் அந்தம்மா
"பசியாறிட்டீங்களா?" என்றார்.
விமலாராணி அங்கமுத்து,
கோலாலம்பூரில் சுற்றுலா வழிகாட்டி.
"அரை நாள் நகர உலா. எட்டு இடம்.
இடத்துக்கு இருபது நிமிஷம்.
இருபத்திரண்டு வருஷமா இதே பொழப்பு.
இன்னிக்கி நான் சும்மா வர்றேன்,
நீங்க பேசுங்க."

என்னத்தைப் பேச.
அணைக்குப் போனோம். ஒரே ஒரு மதகு ஒழுகியது.
பொரித்த மீனை முள் வைக்காமல் தின்றார்.
மலையை அண்ணாந்து காட்டினேன்:
உச்சியில் தர்கா, கோட்டைச் சுவர்,
ஏறி இறங்க மத்தியானம் ஆகிவிடும்,
உங்களுக்கோ இருபது நிமிஷம். சிரித்தார்.
இது லண்டன்பேட்டை என்றேன்.
"லண்டனா?"
பேட்டைதாங்க.
பாத்திமா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார்,
"எந்த ஊருக்குப் போனாலும் ஒண்ணு ஏத்திடுவேன்,
எந்த சாமின்னு பார்க்கறதில்ல."
மண்டியில் ஈயும் மாம்பழமும்.
இங்கே விளைகிறதற்கு எதற்குப் பெங்களூரா என்று பேர்
எனக் கேட்டார். அதுவும் எனக்குத் தெரியாது.

வண்டி நகர்ந்ததும் விரலை மடக்கினார்.
"நாலு பாஷை மாத்திட்டீங்க."
எப்போது?
மண்டிக்காரரிடம் தெலுங்கு,
சனாவுல்லாவிடம் போனில் உருது,
ஒதுங்காத கோலார் லாரிக்குக் கன்னடத்தில்
ஒரு கெட்ட வார்த்தை,
அவரிடம் தமிழ்.
நான் எண்ணியதில்லை.
பையில் கிடக்கிற சில்லறை,
கேட்கிற கடையில் கேட்கிற காசு.

"நாங்க இதுக்கு டிக்கெட் போட்டு விக்கிறோம்.
சீனர் கோயில், ஊதுவத்திப் புகை.
பள்ளிவாசல், வாசல்ல அங்கி கொடுப்பாங்க.
மாரியம்மன் கோயில், செருப்பு பத்திரம்.
மூவினமும் ஒண்ணா வாழுற தலைநகரம்னு
தூக்கத்துல கூட மைக் புடிக்கிறேனாம்,
வீட்டுக்காரர் சொல்றார்."

திரும்பும்போது புறவழிச்சாலை.
பாலம் தாண்டி, கல் உடைக்கிற இடம் தாண்டி
நீலத் தண்ணீர்த் தொட்டி ஒன்று,
அதைச் சுற்றி ஒரே அளவில் ஓட்டிய தொகுப்பு வீடுகள்.
"அது எந்த இடம்?"
பார்க்க ஒண்ணுமில்லைங்க
என்று மிதித்தேன்.
மஞ்சள் நைட்டியில் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
இந்த இன்ஜின் சத்தம் அவளுக்குத் தெரியும்.
ஈரச் சட்டையோடு திரும்பினாள்.
என் சட்டை.

கண்ணாடியில் பார்த்தேன்,
அந்தம்மா பின்பக்கமே பார்த்தபடி வந்தார்.
ரவுண்டானா நெருங்கும்போதுதான் வாய் திறந்தார்.
"அஞ்சாவது இடத்துக்கும் ஆறாவதுக்கும் நடுவுல
பதினேழு மாடி அடுக்குவீடு ஒண்ணு வரும்.
தோட்டத்த வித்தப்ப எங்களக் கொண்டாந்து போட்ட இடம்.
மின்தூக்கி பாதி நாள் ஓடாது.
எங்கம்மா ஒன்பதாவது மாடி.
பஸ்சு அங்க வர்றப்பல்லாம் நான்
இந்தப் பக்கம் பாருங்க, பூங்கான்னுடுவேன்."

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து
"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றார்.
நான் வளைவில் இன்டிகேட்டர் போட்டேன்.
எந்தப் பக்கம் என்று தெரியாமல் அது துடித்தது.
சனாவுல்லா கூப்பிட்டார்: வண்டி ரெடி பாய்.

ராத்திரி சோறு போடும்போது கேட்டாள்,
யாரை வச்சுக்கிட்டு நிக்காம போன?
பார்ட்டி.
எங்கெல்லாம் கூட்டிட்டுப் போன?
சொன்னேன். அணை, மண்டி, மாதா கோயில்.
குழம்புக் கரண்டியை வைத்தாள்.
கட்டி வந்து ஒன்பது வருஷம்.

அந்த அணையில
மீன் நல்லாருக்குமா?