டோக்கன்

அண்ணா நகரில் ஜெராக்ஸ் கடை மாடி.
ஃபேன் ரெண்டில்தான் ஓடும்,
மூன்றில் வைத்தால் அட்டை பறக்கும்.

என் ஒற்றை அட்டை
மூன்று வீரர்களைப் பெற்றுப் போட்டது.
அவர்களுக்கென்று அட்டை கிடையாது. அதனால்
ஒரு பன்னீர் சோடா மூடி,
பழைய மெட்ரோ டோக்கன்,
என் சட்டையிலிருந்து அறுந்த பொத்தான்.

பொத்தான்தான் நன்றாக நின்றது.
டெல்வினின் யாளியை இரண்டு தடவை மறித்தது.

பிறகு அவன் ஒரு நீல அட்டையை இறக்கினான்:
கைக்குத் திரும்பு.

அட்டை என்றால் கைக்கு வந்து
அடுத்த சுற்றில் மறுபடி இறங்கும்.
டோக்கனுக்குத் திரும்ப ஓர் இடமில்லை.
களத்தைத் தாண்டினால்
இல்லை, அவ்வளவுதான்.

"செத்திருந்தாலாவது
ஒரு நொடி கல்லறையைத் தொட்டிருக்கும்டா.
சாவுக்குன்னு எழுதினதெல்லாம் நடந்திருக்கும்.
அப்புறம்தான் மறையும்."

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். சரிதான்.

அம்பத்தூரில் அவனுக்குப் பதினோரு மாதக் கான்ட்ராக்ட்,
வெள்ளிக்கிழமையோடு முடிந்தது.
கேட்டில் பாஸை வாங்கி
டப்பாவில் போட்டார்களாம்,
பெயர்கூடப் பார்க்காமல்.

பொத்தானை எடுத்துப் பையில் போட்டேன்.
வீட்டில் ஊசி இருக்கிறது,
வெள்ளை நூல்தான் வாங்க வேண்டும்.

"உன் சான்ஸ்," என்றான் டெல்வின்,
சோடா மூடியைப் பார்த்துக்கொண்டே.