முதல் கட்டம்

பிப்ரவரி. தார்த்து நகரத்து ஆறு
உறைந்து கிடக்கிறது.
காலணியில் அப்பிய பனியை வாசலில் உதறிவிட்டுப்
பதினொரு பேர் வந்து உட்கார்கிறார்கள்.
பல்கலைக்கழக நூலகம், இரண்டாம் மாடி.
என்னைவிட ஹீட்டர்தான் அதிகம் பேசுகிறது.

தாளைக் கொடுக்கிறேன்.
இருபது வருடமாக அதே தாள்:
எழுதியவர் யார்? எப்போது? யாருக்காக?
ஆதாரத்தின் நாடி பிடிக்க இந்த மூன்று விரல் என்பேன்.
சிலர் சிரிப்பார்கள்.

எபுன், லாகோஸ்காரி, கையைத் தூக்கினாள்:
"ஊரே சொல்வதற்கு
யார் பெயரைப் போட?"
பெயர் தெரியாதவர் என்று போடலாம் என்றேன்.
"எல்லோருக்கும் தெரியுமே" என்றாள்.

குத்தாயிசியிலிருந்து வந்த லாஷாவின் கட்டுரையில்
இரண்டு பத்தி அப்படியே இன்னொருவருடையது.
திருட்டு என்று சொல்ல வாயெடுத்தேன்.
"மேற்கோள் குறி போட்டால்
இந்த வரிகள் உங்களுக்குத் தெரியாது
என்று சொன்னதாகிவிடும்.
படித்தவரை அவமதிக்கலாமா?"
இருந்தாலும் போடச் சொன்னேன். போட்டான்,
விருந்தாளியிடம் அடையாள அட்டை கேட்பவன் முகத்தோடு.

கடைசி வரிசையில் யானினா. மின்ஸ்க்.
அதுவரை பேசாதவள்.
"இந்த முதல் கேள்வியை
எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி இரண்டு பேர் கேட்டார்கள்.
ஒரு துண்டறிக்கைக்காக.
நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை."

ஹீட்டர் பேசியது.

அடித்தளத்தில் ஓர் இரும்புக் கதவு உண்டு.
இப்போது உள்ளே பழைய பிரிண்டர்கள்.
நான் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது
உள்ளே புத்தகங்கள் இருந்தன,
ஊதா முத்திரையோடு,
அனுமதிச் சீட்டு இல்லாமல் தொட முடியாதவை.
எந்தப் புத்தகத்தை யார் கேட்டார் என்று ஒரு பேரேடு.
கையெழுத்து அழகாக இருக்கிறது என்று
அந்த வேலையை எனக்குத் தந்தார்கள்.
நாள், பெயர், துறை.
ஒரு எழுத்துகூடப் பிசகியதில்லை.

இதை வகுப்பில் சொல்லவில்லை.
அந்தக் கட்டத்தை விட்டுவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

"அப்போ எதை வைத்து நம்புவது?"
கேட்டது லாஷா.
தாளில் இல்லாத கேள்வி.
நேரம் முடியும்வரை அதிலேயே கிடந்தோம்,
எபுன் ஒரு பக்கம் இழுக்க, அவன் ஒரு பக்கம் இழுக்க,
நான் பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாக.
பாதிகூடத் தாண்டவில்லை.

எல்லோரும் போனபின் தாள்களை அடுக்கினேன்.
யானினாவின் தாளில், முதல் கட்டத்தில்,
பென்சிலால் எழுதி அழித்த தடம்.
ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்தால்
படித்துவிடலாம்.

சாய்க்கவில்லை.