ஏழாம் கம்பம்

வரைபடத்தில் பன்னிரண்டு கம்பங்கள்.
பன்னிரண்டின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி:
அகற்றுக.

ஹாக்கி அரங்கின் பின்னால்
தானியக் கிடங்குக்கு முதுகைக் காட்டிக் கிடக்கும்
இந்த வண்டி நிறுத்தத்தில்
நாற்பது வருடமாகவே கார்கள் மின்சாரம் குடிக்கின்றன.
ஓடுவதற்கு அல்ல,
உறைந்துபோகாமல் இருப்பதற்கு.
முகப்புப் பல்லிடுக்கில் ஒரு பிளக் தொங்காத வண்டி
சாஸ்காச்சுவானில் இந்தப் பக்கம் கிடையாது.
ரெஜைனா அலுவலகத்துக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன்.
"அது வேற, இது வேற" என்றார்கள்.
வேறுதான்.

மே பாதி கழிந்தும் தரை மசியவில்லை.
தாரை அறுத்தாள் ஜோலீன் பியர்டி.
சக்கரம் கூவிய கூவலில்
கிடங்குக் கூரைப் புறாக்கள் ஊரையே காலிசெய்தன.
தாருக்குக் கீழே சரளை,
சரளைக்குக் கீழே
இன்னும் ஜனவரி.
வெந்நீர்க் குழாய்களைச் சுருள் சுருளாய்ப் பரப்பி
மேலே போர்வை போர்த்தி
இரண்டு நாள்
மண்ணுக்குக் காய்ச்சல் வரவழைத்தோம்.
அடித்தளம் இரண்டு மீட்டர் இறங்க வேண்டும்.
இல்லாவிட்டால் நட்டதையெல்லாம் பனி
மெல்ல மெல்லத் துப்பிவிடும்.

குழியில் கிடைத்தவை:
ஒரு ஹாக்கி வட்டு, ஒற்றைக் கையுறை,
எந்தப் படத்திலும் இல்லாத ஒரு கேபிள்.
ஜோலீன் கருவியை வைத்துப் பார்த்தாள்.
உயிர் இருந்தது.
பின்தொடர்ந்து போனால், ஏழாம் கம்பம்.

ஏழில் நிறுத்துவது யாரென்று ஊருக்கே தெரியும்,
வந்து மூன்று மாதமான என்னைத் தவிர.
மிரோஸ்லாவா ஹ்ரிட்சுக்.
இரவெல்லாம் அரங்கில் பனித்தளம் இழைக்கும் வண்டி ஓட்டுபவள்.
அவளுடைய டீசல் லாரி
கதவு ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம்.
விடியுமுன் வேலை முடியும்.
அந்நேரம் எஞ்சின் மறுத்தால்
வீடு பதினெட்டு கிலோமீட்டர்,
நடுவில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

குழியோரம் வந்து நின்றாள்.
எதையும் கேட்கவில்லை.
சூரியகாந்தி விதை கொறித்தபடியே
கேபிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஆழமாத்தான் தோண்டியிருக்கீங்க."
போய்விட்டாள்.

அன்றிரவு ஒரு பெருக்கல் குறியைச்
சவரக் கத்தியால் சுரண்டினேன்.
பக்கத்தில் 'இருப்பது' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன்.
கை நடுங்கவில்லை.
அதில் மட்டும் கொஞ்சம் வருத்தம் எனக்கு.

கான்கிரீட் ஜூனில். இயந்திரங்கள் ஜூலையில்.
இணைப்புத் தர வேண்டியவர்களின் 'அடுத்த வாரம்'
நவம்பர் வரை நீண்டது.
அதுவரை இரண்டும்
கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றி நின்றன,
திறப்புவிழாவுக்குத் தலைவர் வராத சிலைகள் மாதிரி.
பையன்கள் ஒன்றுக்குக் கண் வரைந்தார்கள்.
மற்றதற்கு மீசை.

முதல் கார் ஜனவரியில் வந்தது.
மைனஸ் முப்பத்தெட்டு.
வினிபெக் பல் மருத்துவர் ஒருவர், தலையில் தொப்பியில்லை.
மூன்று மணி ஐந்து நிமிடம் என்றது திரை.
குளிரில் பேட்டரி
முதலில் தன்னைக் காய்ச்சிக்கொள்ளும்,
அப்புறம்தான் சாப்பிடும்.
ஹீட்டரை அணைத்தால் சீக்கிரம் ஏறும் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
அணைத்தார்.
பத்தாவது நிமிடம்
ஏழாம் கம்பத்து லாரியின் கண்ணாடியைத் தட்டினார்.

ஜோலீன் பார்த்துச் சொன்னது:
உள்ளே இரண்டு பேர்,
நடுவே விதைப் பொட்டலம்,
கண்ணாடி முழுக்க மூச்சுப் பனி.
லாரி உறுமிக்கொண்டிருந்தது.
வெளியே ஒரே பெட்டியிலிருந்து இரண்டு கம்பி,
ஒன்று மணிக்கட்டுத் தடிமன்,
மற்றது சுண்டுவிரல் கூட இல்லை.
அதைக் கழற்ற அவள் இன்னும் இறங்கவில்லை.

ஏழாம் கம்பத்துக் கட்டணம் யார் கணக்கில் என்று
மார்ச்சில் அரங்குக் குழு கேட்டது.
வரைபடத்தை விரித்தார்கள்.
'இருப்பது' என்று ஒருவர் வாய்விட்டுப் படித்தார்.
அடுத்த பொருளுக்குப் போனார்கள்.
கூரை ஒழுகுகிறதாம்.